ஓர் அகப்பைக் குழம்பு

(கிள்ளானில் நடைபெற்ற மாதாந்தர மஜ்லிஸில், சாப்பாட்டுக் கடை நடத்தும் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

   

நான் ஆலிம் அல்லன். அடுப்படியிலும் கல்லாவிலும் இருந்தே முடி நரைத்தவன். மார்க்கம் கற்றவர்கள் வீற்றிருக்கும் இச்சபையில் எழுந்து பேச எனக்கு உரிமை கிடையாது. எனினும் நெடுநாளாக நெஞ்சில் ஒரு பாரம் கிடக்கிறது. அதை இங்கே இறக்கி வைத்தால், என் போன்ற கடைக்காரர் ஒருவருக்காவது பயன்படும் என்று எண்ணியே வந்து நிற்கிறேன்.

நம்மில் தொழுகைக்கு நிற்கும் எவருக்கும் மனப்பாடமாயிருக்கும் சிறு சூராக்களில் ஒன்று ‘அல்மாஊன்’. ஏழே ஆயத்துகள். பகல் சாப்பாட்டு நேரத்தில் கடை நிறைய ஆள் காத்திருக்க, லுஹரைத் தொழுதுவிட்டு ஓடிவர நினைக்கிறோமே, அப்போது நாவில் தானாக வந்து நிற்பவை இப்படிப்பட்ட சிறு சூராக்கள்தாம். நாற்பது ஆண்டுகள் நானும் அதை ஓதி வந்தேன். அதன் பொருள் என் நெஞ்சில் தைக்கும்படி செய்தவர், கோயம்புத்தூருக்கு அருகே ஒரு சிற்றூரில் இட்டலி அவித்து விற்ற ஒரு மூதாட்டி.

அந்தச் சூராவின் கருத்தை முதலில் நினைவுபடுத்திக் கொள்வோம். தீர்ப்பு நாளைப் பொய்யென்பவன் யார் என்ற கேள்வியோடு அது தொடங்குகிறது. வாளெடுத்துப் போரிட வந்தவனைக் காட்டப் போகிறதென்று நாம் எதிர்பார்ப்போம். அது காட்டுவதோ நம் தெருவில் நடமாடும் ஒரு மனிதனை. அநாதையை விரட்டுகிறவன் அவன். ஏழைக்கு உணவளிக்கும்படி எவரையும் தூண்டாதவன். அதன் பின்னர், தொழுகையில் கவனமற்று, பிறர் காணத் தொழுகிறவர்களுக்குக் கேடு என எச்சரித்து, அவர்கள் ‘மாஊனை’யும் மறுப்பவர்கள் என்று முடிகிறது.

மாஊன் என்றால் என்ன? ஜகாத்தைக் குறிக்கும் என்போரும் உண்டு. வீட்டிலே புழங்கும் சிறு பொருள்கள் என்று விளக்கம் சொன்னவர் பலர். கொஞ்சம் உப்பு, அடுப்புப் பற்றவைக்க நெருப்பு, குடிக்கத் தண்ணீர், இரவலாகக் கேட்கும் வாளி, கோடரி, சட்டி பானை. கொடுத்தால் நமக்குக் குறையாது. கொடுக்காவிட்டால் கேட்டவன் முகம் வாடும். அத்தகைய அற்பப் பொருளை மறுப்பதையும், தொழுகையில் பாராமுகமாயிருப்பதையும் இறைவன் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறான்! இதை எண்ணிப் பார்த்தோமா?

இனி அந்த மூதாட்டியின் கதைக்கு வருகிறேன்.

2019 செப்டம்பர் மாதம். இரவுக் கூட்டம் ஓய்ந்து, மேசைகளைத் துடைத்துக் கொண்டிருந்த நேரம். கடையில் வேலை செய்யும் ஊர்ப் பிள்ளை ஒருவன் தன் கைத்தொலைபேசியை என் முன்னே நீட்டி, “மாமா, இந்தப் பாட்டியைப் பாருங்க, ஒரு ரூபாய்க்கு இட்டலி விக்குது” என்றான். பார்த்தேன். அவர் பெயர் கமலாத்தாள். ஊர் வடிவேலம்பாளையம், கோவைப் பேரூர் பக்கத்துக் கிராமம். வயது எண்பதைத் தொட்டிருந்தது. உழவுக் குடும்பத்தில் பிறந்து, மண்ணோடு பாடுபட்டு வளர்ந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் இட்டலி விற்று வந்தார். தொடக்கத்தில் ஓர் இட்டலி 50 காசு. பின்னர் 1 ரூபாய். அதற்கு மேல் ஏற்றவே இல்லை.

பொழுது புலருமுன்னே அந்த அம்மை எழுந்துவிடுவார். ஆட்டுக்கல்லில் தம் கையாலேயே மாவரைப்பார். விறகடுப்பில் இட்டலி வேகும். சாம்பாரும் சட்டினியும் கூட உண்டு. காலை ஆறு மணியளவில் வீட்டுக் கதவு திறக்கும், அதுதான் கடை. வருகிறவர்கள் பெரும்பாலும் வயல்வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் கூலியாட்கள். இலையில் வைத்துக் கொடுப்பார். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் இட்டலி போகும் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. எல்லாச் செலவும் போக 200 ரூபாய் கையில் நிற்கும் என்றார் அவர்.

நான் கடைக்காரன் அல்லவா? உடனே கணக்குப் போட்டேன். அந்நாளில் நம் வெள்ளி ஒன்றுக்கு ஏறத்தாழ 17 ரூபாய். நான்கு இட்டலி தின்று ஒரு கூலியாள் வயிறு நிறைவதற்கு நம் காசில் 25 காசுகூட ஆகவில்லை. அந்த அம்மைக்கு ஒரு நாள் முழுவதற்கும் கிடைத்தது ஏறத்தாழ 12 வெள்ளி. “பைத்தியக்கார வியாபாரம்” என்று சொல்லிக் கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். சொன்னேனே ஒழிய, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் இதுதான். நாம் விலை வைக்கும்போது முதலில் சரக்கைப் பார்க்கிறோம். பிறகு வாடகை, கூலி, வரி. அதற்கு மேல் லாபம். அப்படி வந்த விலையைப் பலகையில் எழுதுகிறோம். கொடுக்க முடிந்தவன் உள்ளே வருகிறான். முடியாதவன் தெருவோடு போகிறான். கமலாத்தாளோ முதலில் ஆளைப் பார்த்தார். கூலிக்குப் போகும் ஏழை, காலையிலே எவ்வளவு கொடுக்க முடியும்? தன் பெண்டு பிள்ளைகளுக்கும் மிச்சம் வைத்து அவன் எவ்வளவு செலவழிப்பான்? அதைத் தெரிந்து கொண்டு விலையை வைத்தார். அந்த விலைக்குள் அடங்குமாறு தம் செலவையும் தம் தேவையையும் சுருக்கிக் கொண்டார். நம் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். முப்பது ஆண்டு அது நட்டமின்றி நடந்தது.

செய்தி பரவிய பின்னர், இந்தியாவின் பெருந்தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா அவருடைய தொழிலுக்கு உதவ முன்வந்தார். எரிவாயு அடுப்பு வந்தது. 2022ஆம் ஆண்டு மே மாதம், அன்னையர் தினத்தன்று, வீடும் கட்டித் தரப்பட்டது. இவற்றுக்கு நடுவே, 2020இல் பெருந்தொற்று வந்து நாடு முழுதும் ஊரடங்கிக் கிடந்தது. பருப்பு விலை, மிளகாய் விலை ஏறிற்று. அப்போதும் இட்டலி 1 ரூபாய்தான்! புகழ் வந்ததே, விலையைக் கூட்டலாம் என்று அவர் நினைக்கவில்லை.

“நம் மார்க்கத்தைச் சேராத ஒரு கிராமத்துப் பெண்ணைப் பற்றி மஜ்லிஸில் பேசலாமா?” என்று யாராவது நினைக்கலாம். தய்யி கோத்திரத்தார் சிறைபிடிக்கப்பட்டு மதீனா வந்தபோது, அவர்களுள் ஹாத்திமின் மகளும் இருந்தார். ஹாத்திம் இஸ்லாத்தைக் கண்டவரல்லர். ஆயினும் பசித்தவர்க்கு உணவளித்தவரின் மகள் என்றறிந்து, நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கண்ணியப்படுத்தி விடுவித்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. நற்குணம் எங்கிருந்தாலும் அதை மதிக்கக் கற்றுத் தந்தவர் நம் நபி. அவர்கள் மதித்ததை நாம் மதிக்கக் கூடாதா?

மேலும், அந்தக் கமலாத்தாளைக் கண்டபோது நான் வேற்றாரைக் கண்டதாக உணரவில்லை. என் உம்மாவைக் கண்டேன். இராமநாதபுரம் சீமையிலே மழை பொய்த்த ஒரு சிற்றூரில், சபருக்குப் போன வாப்பாவின் மணியார்டரை எதிர்பார்த்து எங்களை வளர்த்தவர் அவர். அரிசி களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். ‘பிடியரிசி’ என்று நம் ஊர்களில் அதற்குப் பெயர். மாதம் ஒரு முறை பள்ளிக்கோ மத்ரஸாவுக்கோ அது போய்ச் சேரும். மணியார்டர் வராத மாதத்திலும் அந்தப் பிடியை அவர் நிறுத்தியதில்லை. “நமக்கே பத்தாதே உம்மா” என்று நான் கேட்டதற்கு, “பத்தாத வீட்டுப் பிடிக்குத்தான் பரக்கத்து அதிகம்டா” என்றார். இங்குள்ள உங்களில் பலரை வளர்த்ததும் அப்படிப்பட்ட கைகள்தாமே? கல்லா நிரம்பியபின் அந்தக் கலயத்தை நாம் மறந்துவிட்டோம்.

அதே பரக்கத்தைக் கண்ட இன்னொரு நாட்டுப்புறத்துப் பெண்மணி, அன்னை ஹலீமா ஸஃதிய்யா அவர்கள். மக்கா நகரத்துக் குழந்தைகளைப் பாலூட்டி வளர்ப்பதற்காகப் பாலைவனக் கிராமத்துப் பெண்கள் வருவது அந்நாளைய வழக்கம். பஞ்சம் தலைவிரித்தாடிய ஓர் ஆண்டில், பனூ ஸஃது கூட்டத்துப் பெண்களோடு ஹலீமாவும் வந்தார்கள். ஏறி வந்த கழுதை நடக்க மாட்டாமல் பின்தங்கிற்று. உடன் வந்த கிழ ஒட்டகத்தின் மடியில் ஒரு சொட்டுப் பால் கிடையாது. மடியிலிருந்த சொந்தப் பிள்ளை பசியால் இரவெல்லாம் அழுதது.

மக்காவில் அப்பெண்களிடம் ஓர் அநாதைக் குழந்தை காட்டப்பட்டது. ஒவ்வொருத்தியும் ஒதுங்கிக் கொண்டாள். தந்தை இருந்தால் அல்லவா கூலியும் வெகுமதியும் கிடைக்கும்? தாயும் பாட்டனாரும் என்ன கொடுத்துவிடப் போகிறார்கள்? இதுதான் அவர்கள் எண்ணம். அன்பர்களே, ஹலீமாவும் முதலில் அப்படித்தான் எண்ணினார்கள். மறைக்காமல் அதைத் தாமே சொன்னதாக வரலாறு தருகிறது. மற்ற பெண்களுக்கெல்லாம் பிள்ளை கிடைத்துவிட்டது. வெறுங்கையோடு திரும்ப மனமின்றி, “அந்த அநாதையையே எடுத்துக் கொள்கிறேன்” என்றார்கள். “எடுத்துக்கொள், இறைவன் அதில் நமக்குப் பரக்கத்துச் செய்யக்கூடும்” என்றார் கணவர் ஹாரிது.

பின்பு நடந்தது உங்களுக்குத் தெரியும். வற்றிய மார்பில் பால் சுரந்தது. ஒட்டகத்தின் மடி நிறைந்தது. பின்தங்கிய கழுதை முன்னே ஓடிற்று. வணிகர் கண்ணில் லாபமில்லாத அந்தப் பிள்ளைதான் அகிலத்தின் அருட்கொடை! அநாதையை விரட்டுவதைக் கண்டிக்கும் சூரா பிற்காலத்தில் எவர் மீது இறங்கிற்றோ, அவர்களே கூலிக்கு உதவாத பிள்ளையென்று ஒரு நாள் வாசல்தோறும் ஒதுக்கப்பட்டவர்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் அந்தக் கிராமத்துத் தாயை மறந்தார்களா? கதீஜா (ரலி) நாயகியாரை மணம் முடித்திருந்த காலத்தில், பஞ்சத்தால் நொந்து ஹலீமா வந்தபோது, நாற்பது ஆடுகளும் ஓர் ஒட்டகமும் கொடுத்தனுப்பினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். ஹிஜ்ரி 8இல், அதாவது கி.பி. 630இல், ஹுனைன் போருக்குப் பின் ஹவாஸின் கூட்டத்தார் ஆறாயிரம் பேர் சிறைப்பட்டனர். பனூ ஸஃது அவர்களின் கிளை. பாலுறவை எடுத்துச் சொல்லி அவர்கள் மன்றாடியபோது, அத்தனை பேரும் விடுதலை பெற்றனர். ஒரு மடி பாலுக்கு ஆறாயிரம் உயிரின் விடுதலை! இத்தகைய வட்டி எந்த வியாபாரத்தில் கிடைக்கும்? இது ஹலாலான பெருக்கம் அல்லவா?

இப்போது என் பாரத்தை இறக்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இந்தக் கிள்ளானிலே என் கடைக்கு ஒரு கூலித் தொழிலாளி நாள் தவறாமல் வருவார். வேற்று நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். வெறுஞ்சோறு, ஒரு முட்டை. சோறு மறையுமளவு குழம்பு கேட்பார். குழம்புக்குக் காசில்லை என்பதால் அதுவே அவருக்குக் கறியும் மீனும். பொருள்களின் விலை ஏறிற்று. சோற்றின் விலையை உயர்த்தினேன், அதில் குற்றமில்லை. அத்தோடு நிற்காமல், குழம்பு கூடுதலாகக் கேட்டால் 50 காசு என்று ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டேன். மறுநாள் அவர் அந்த அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பகல் உச்சியில், எதிர்வரிசைக் கடைகளின் அஞ்சடியில் அவர் உட்கார்ந்திருக்கக் கண்டேன். கையில் வெறும் ரொட்டி. பக்கத்தில் தண்ணீர்ப் புட்டி. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக் கொண்டார், தாம் ஏதோ தவறு செய்தவர் போல. நான் கூப்பிட்டிருக்கலாம். “வாங்க, குழம்புக்குக் காசு வேண்டாம்” என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கடையில் கூட்டம் இருந்தது. நான் கூப்பிடவில்லை. அன்றைக்கும் லுஹர் தொழுதேன். அல்மாஊன் ஓதினேனோ என்னவோ, நினைவில்லை.

கமலாத்தாளைப் பற்றி அறிந்த இரவுக்குப் பிறகு அவரைத் தேடினேன். அவர் வேலை செய்த இடத்தில் விசாரித்ததில், ஊருக்குத் திரும்பிவிட்டார் என்றார்கள். ஊர் எது என்று சொல்ல ஒருவருமில்லை. ஓர் அகப்பைக் குழம்பு, சகோதரர்களே! அதன் அடக்க விலை 50 காசும் இராது. நாளை மறுமையில் அந்த அட்டையை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னால், நான் என்ன செய்வேன்?

“அந்தக் கிழவிக்குச் சொந்தக் குடில், வாடகை இல்லை, ஆட்கூலி இல்லை, நகராண்மை லைசென்சு இல்லை. மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை எடுத்தவன் அந்த விலைக்கு விற்றால் ஒரே மாதத்தில் பூட்ட வேண்டியதுதான்” என்று நீங்கள் சொல்வீர்கள். முற்றிலும் உண்மை. நட்டத்தில் விற்கும்படி மார்க்கம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. நாயகம் (ஸல்) அவர்களும் வணிகம் செய்தவர்கள், லாபம் ஹலால். கமலாத்தாளின் விலையை நாம் கடன் வாங்க முடியாது. அவருடைய கண்ணைக் கடன் வாங்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் விலையைக் குறைத்தது தம் உழைப்பிலிருந்தும் தம் பங்கிலிருந்தும்தான். வேறொருவர் கூலியைப் பிடித்து ஏழைக்குக் கொடுக்கவில்லை. வேலைக்காரப் பிள்ளைகளின் சம்பளத்தை இழுத்தடித்துவிட்டு ரமலானில் கஞ்சி ஊற்றினால், அந்தக் கஞ்சியின் நன்மை யாருக்கு எழுதப்படும்? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி நமக்குக் கட்டளை இருக்கிறது. தருமம் முதலாளியின் பங்கிலிருந்து புறப்பட வேண்டும்.

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது: சாப்பாட்டுக் கடை வைத்திருப்போர், ஏழை வயிறு நிறையும்படியான ஒரு சாப்பாட்டையாவது, அவன் கேட்டு வாங்கக் கூச்சப்படாத முறையில், குறைந்த விலைக்கு வையுங்கள். அதற்கு ‘தர்மச் சோறு’ என்று பலகை போடாதீர்கள். விலைப்பட்டியலில் மற்றவற்றோடு ஒன்றாக இருக்கட்டும். காசு கொடுத்துச் சாப்பிட்டோம் என்ற மானம் அவனுக்கு மிஞ்சட்டும். கமலாத்தாள் இலவசமாகக் கொடுக்காமல் 1 ரூபாய் வாங்கியதிலும் அந்த மரியாதை இருக்கிறதல்லவா?

இரண்டாவது: துணிக்கடை, மளிகைக்கடை, நாணய மாற்று நடத்தும் அன்பர்களே, உங்களிடமும் மாஊன் உண்டு. ஒரு கட்டுக் கயிறு, ஒரு பை, குடிக்கத் தண்ணீர், கடன்காரனுக்கு இன்னும் ஒரு வாரத் தவணை. கடனாளி நொந்திருந்தால் விட்டுவிடும்படி தன் ஆட்களுக்குச் சொல்லி வைத்த வணிகன் ஒருவனை, அந்த ஒரு குணத்திற்காகவே இறைவன் மன்னித்தான் என்று நபிமொழி கூறுகிறது. இரவில் கல்லாவை எண்ணும்போது, ‘இன்று லாபமில்லை என்பதற்காக யாரைத் திருப்பி அனுப்பினேன்?’ என்ற ஒரு வரியையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது: அந்தச் சூரா உணவளிப்பதை மட்டுமன்றித் தூண்டுவதையும் கேட்கிறது. கொடுக்க வசதியில்லாதவனுக்கும் வாய் இருக்கிறது. ஒருவருக்கொருவர் நினைவூட்டுவோம். திரைக்கு அப்பாலுள்ள தாய்மார்களே, பிடியரிசிக் கலயத்தை மீண்டும் அடுக்களையில் வையுங்கள். உங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்து வளரட்டும்.

என் கடையில் அந்த அட்டை இப்போது இல்லை. அதைக் கழற்றிக் கிழிக்கத்தான் போனேன். பிறகு மனம் மாறிக் கல்லாப் பெட்டிக்குள்ளே போட்டு வைத்தேன். சில்லறை எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படுகிறது. குழம்பு கேட்கிறவர்களுக்கு அகப்பை நிறைய ஊற்றும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதர் எங்கிருந்தாலும் இறைவன் அவர் ரிஸ்கை விசாலமாக்கி, என்னை மன்னிக்கும் மனத்தையும் அவருக்கு அருள வேண்டுமென்று துஆச் செய்கிறேன். நீங்களும் ஆமீன் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வியாபாரத்தில் பரக்கத்துச் செய்வாயாக! எங்களை வளர்த்த தாய்மார்களின் கைகளுக்கு நற்கூலி தருவாயாக! அற்பப் பொருளையும் மறுக்கும் கூட்டத்தில் எங்களைச் சேர்த்துவிடாதே! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.